ஒன்றேகால் மணி நேரம் என்னும் பொய்

சென்னைக்கும் மதுரைக்கும் விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டாலும், "ஒன்றேகால் மணி நேரம்தான் சார்" என்பார்கள். நானும் நம்பினேன். நம்பியதால் என் அக்காவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போனது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட்டுக்கு அது அரை மணி நேர வேலை. பிறகு ஏன் ஒன்றேகால் மணி? நிறுத்திய இடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதைக்குக் காத்திருந்து, ஏறி, இறங்கி, உருண்டு போய் நிற்பது வரை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. சரி, விமானத்தின் கணக்கு முடிந்தது. மனிதனின் கணக்கு?

என் வீடு அம்பத்தூரில். அக்கா வீடு உசிலம்பட்டியில். மீனம்பாக்கம் போக ஒன்றேகால் மணி. கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி முன்னதாகவே போய் நிற்க வேண்டும். பறக்க ஒன்றேகால். பெட்டி வந்து வெளியே வர அரை மணி. அங்கிருந்து காரில் ஒன்றேகால். கூட்டினால் ஐந்தே முக்கால் மணி நேரம். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்!

அக்கா போய்விட்ட செய்தி மாலை ஏழு மணிக்கு வந்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க நேரம் இருந்தது. முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டு போயிருந்தாலும் விடியற்காலையில் மதுரை. மகன்தான், "எதுக்குப்பா இந்த வயசில் கஷ்டம்? காலையில் ஏழு மணிக்கு ஃபிளைட், ஒன்றேகால் மணி நேரம்தான்" என்றான். பாசத்தில் சொன்னான், அவனைக் குறை சொல்லமாட்டேன். விமானம் பத்து மணிக்குத்தான் கிளம்பியது. எனக்காகப் பன்னிரண்டு மணி வரை வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டார்கள். நான் போய் இறங்கியபோது மணி ஒன்று. வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள்.

விமானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. டெல்லிக்குப் போக ரயிலில் ஒரு நாளுக்கும் மேல். விமானத்தில் மூன்று மணிக்குள். அங்கே வீட்டிலிருந்து கிளம்பும் நேரம், காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் லாபம்தான். ஆனால் அதே காத்திருப்பை மதுரைக்கும் செலவழித்துவிட்டு, "ஒரு மணி நேரத்தில் வந்துட்டேன்" என்று பெருமை பேசுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

டிக்கெட் விற்பவர்கள் விமானத்துக்கு ஆகும் நேரத்தைச் சொல்கிறார்கள். நமக்கு ஆகும் நேரத்தை நாம்தான் கணக்குப் போட வேண்டும். நம் வீட்டு வாசலில் தொடங்கி, போகிற வீட்டு வாசலில் முடியுங்கள். இழவு வீட்டுக்குப் போவதென்றால், முதலில் கிளம்பும் வண்டி எதுவோ அதில் ஏறிவிடுங்கள். அது பாசஞ்சராக இருந்தாலும் சரி.