நாற்பது பிள்ளைகளும் ஒரு சிறிய கல்லூரியும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் மும்பைத் தமிழர் குடியிருப்புகளில் கல்லூரிப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இருப்பதில்லை. தாராவியானாலும் சரி, சயான் கோலிவாடாவானாலும் சரி, செம்பூர், பாண்டுப், மால்வாணி எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "பையனுக்கு எந்தக் காலேஜ் போட்டிருக்கீங்க அண்ணாச்சி?"

இந்தக் கேள்வியை ஒட்டிப் பெற்றோர் சிலர் ஒரு கனவையும் சொல்வதுண்டு. ஒரு பேட்டையில் அந்த ஆண்டு தேறிய பிள்ளைகள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாற்பது பேரும் இருபது கல்லூரிகளுக்குச் சிதறிப் போகிறார்கள். எங்கேயும் அவர்கள் ஒருவர், இருவர்தான். அத்தனை பேரும் பேசி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு சிறிய ஜூனியர் கல்லூரியில் சேர்ந்தால் என்ன? அங்கே தமிழை இரண்டாம் மொழியாகக் கேட்கலாம். மாலையில் நூலகத்தைத் திறந்து வைக்கச் சொல்லலாம். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தமிழர் எழுந்து பேசினால் முதல்வர் காது கொடுப்பார். இரண்டே வருஷத்தில் அந்தக் கல்லூரியின் முகமே மாறிவிடும் என்கிறார்கள்.

இதைப் பகற்கனவு என்று தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் உண்மை இருக்கிறது.

மும்பை வட்டாரத்தில் 11-ஆம் வகுப்புச் சேர்க்கை 2009 முதல் கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. மாணவர் பத்துக் கல்லூரிகள் வரை விருப்ப வரிசையில் எழுதலாம். மதிப்பெண்ணைப் பார்த்து இயந்திரம் இடம் போடும். முதல் விருப்பமே கிடைத்துவிட்டால் சேர்ந்தே ஆகவேண்டும். சேராதவர் அடுத்து வரும் வழக்கமான சுற்றுகளில் கலந்துகொள்ள முடியாது. 90 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கு இதில் தொல்லை இல்லை. 55-க்கும் 75-க்கும் நடுவே இருக்கும் பிள்ளைக்குத்தான் எல்லாத் தொல்லையும். தாராவித் தொழிலாளியின் மகனும், தனியார் கம்பெனிக் குமாஸ்தாவின் மகளும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். முதல் ஐந்து விருப்பங்களில் ஊரறிந்த பெரிய பெயர்களை எழுதுவார்கள், அவை கிடைக்காது. மீதி ஐந்தையும் சைபர் கபே பையன் சொன்னபடி நிரப்புவார்கள். அதில் ஒன்று கிடைக்கும். அது இரண்டு ரயில் மாறிப் போக வேண்டிய இடமாக இருக்கும். அந்தக் கல்லூரியை அதற்கு முன் அந்த வீட்டில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு பக்கம் சிறிய கல்லூரிகளின் பாடு. 2025-ல் சேர்க்கை முடிந்தபோது மகாராஷ்டிரத்தில் நூற்றுக்கணக்கான ஜூனியர் கல்லூரிகளில் ஒரு மாணவர்கூடச் சேரவில்லை. அரசு மானியம் பெறும் கல்லூரியில் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் உபரியாகிவிடுவார். ஆகவே 40 பிள்ளைகளோடு வரும் பெற்றோரைச் சிறிய கல்லூரியின் முதல்வர் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். ஆயிரக்கணக்கில் மாணவர் படிக்கும் பெரிய கல்லூரியின் வாசலில் அந்த நாற்பதுக்கு ஒரு கனமும் இல்லை. 120 பேர் கொண்ட வகுப்பில் 40 பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

மும்பைக்கு இது புதிய யோசனையும் அல்ல. தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியர் 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். சயானில் அதன் கல்லூரி 1960-ல் வந்தது. டாக்டர் அம்பேத்கர் 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலை வேளையில் வகுப்பு நடத்திய கல்லூரி அது. அவர்கள் கட்டடம் எழுப்ப வேண்டியிருந்தது, நிதி திரட்ட வேண்டியிருந்தது. இன்றைய பெற்றோருக்கு அந்தச் சுமை இல்லை. கட்டடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், பெஞ்சுதான் காலியாக இருக்கிறது.

ஆனால் இந்தக் கனவு பிள்ளையின் தோளில்தான் ஏறி நிற்கிறது. சமூகத்துக்குப் பலம் சேர்க்கிறோம் என்று பெரியவர்கள் பேசுவார்கள்; கல்லூரிக்குப் போகப்போவது பதினாறு வயதுப் பிள்ளை. 92 சதவீதம் வாங்கி, அறிவியல் படித்து மருத்துவம் போக நினைக்கும் ஒரு பெண், ஆய்வுக்கூடமே சரியில்லாத கல்லூரியில் பேட்டைக்காகச் சேர வேண்டும் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அந்தப் பெண்ணின் அப்பா சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாம், செயலாளராகவே இருக்கலாம். அப்போதும் அநியாயம்தான். மும்பைக்கு வந்த பிறகும் ஊர்க் கட்டுப்பாட்டை மூட்டை கட்டிக் கொண்டுவந்த குடும்பங்கள் உண்டு. "எல்லோரும் போகும்போது நீ மட்டும் என்ன?" என்ற ஒரு வார்த்தை போதும், ஒரு பிள்ளையின் வாழ்க்கை திசை மாறிவிட.

இந்த யோசனை யாருக்குப் பொருந்தும் என்றால், எப்படியும் நடுத்தரக் கல்லூரியில்தான் இடம் கிடைக்கும் என்ற நிலையில் உள்ள வணிகவியல், கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு. அவர்கள் ஒன்றுகூடுவதால் இழப்பது எதுவும் இல்லை. ரயில் நேரம் மிச்சம். உடன் படிக்க, சந்தேகம் கேட்க, இருட்டிய பிறகு சேர்ந்து வீடு திரும்பத் துணை இருக்கும். பெண் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடும் வீடுகளில் கடைசியாகச் சொன்ன காரணம் ஒன்றே படிப்பைத் தொடர வைக்கும்.

கல்லூரியிடம் எதைக் கேட்பது என்பதிலும் பெற்றோர் தடுமாறுகிறார்கள். எடுத்த எடுப்பில் தமிழ் வகுப்பு என்கிறார்கள். 12-ஆம் வகுப்பில் ஆங்கிலம் கட்டாயம். இரண்டாம் மொழிப் பட்டியலில் தமிழுக்கு இடம் உண்டு. தேர்வு வாரியம் தமிழ்த்தாளும் நடத்துகிறது. ஆகவே கேட்பதில் தவறில்லை. ஆனால் இரண்டாம் மொழிக்குப் பதிலாகத் தகவல் தொழில்நுட்பப் பாடம் எடுக்கவும் வழி இருக்கிறது. மதிப்பெண் வரும் என்று பிள்ளைகள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். அதைவிடக் கசப்பான விஷயம், ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வருகிறது, எழுத வருவதில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களும், வீட்டில் அம்மாவிடம் எழுத்துக் கற்றவர்களும் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பதில் பத்துப் பேர்தான் தேறுவார்கள் என்றால், வகுப்பு வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கிவிட்டு மறு வருஷம் ஆளில்லாமல் மூடுவது அவமானம்.

முதலில் கேட்க வேண்டியது கல்லூரி அலுவலகத்தின் உதவியை. மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் நஷ்டப்படுவது அலுவலக ஜன்னலில்தான். மகாராஷ்டிரத்தில் எஸ்.சி. சான்றிதழ் வேண்டுமானால் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக்கு முன்பே இந்த மாநிலத்தில் வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. நெல்லைச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு வந்த தாத்தாவின் பெயர் எந்தப் பள்ளிப் பதிவேட்டில், எந்த வாடகை ரசீதில் இருக்கிறது என்று தேடுவது பதினாறு வயதுப் பிள்ளையால் ஆகிற காரியமா? பழைய மாநகராட்சிப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து ஒரு நகல் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கே வழி திறக்கும். தொழிற்படிப்பில் ஒதுக்கீட்டு இடம் பெறச் சாதிச் சரிபார்ப்புச் சான்றிதழ் வேறு வேண்டும். 12-ஆம் வகுப்பு அறிவியல் மாணவரின் அந்த விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகிறது. இதையெல்லாம் தெரிந்த ஒரு குமாஸ்தா வாரத்தில் ஒரு நாள் பெற்றோரைப் பார்க்கிறார் என்றால், அது நூறு விழாக்களுக்குச் சமம்.

அடுத்தது படிக்க ஓர் இடம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? தொலைக்காட்சியை அணைத்தால் பாட்டிக்குக் கோபம், அணைக்காவிட்டால் படிப்பு இல்லை. கல்லூரியின் ஒரு வகுப்பறையை இரவு எட்டு மணிவரை திறந்து வைத்தால் போதும். மின்விசிறிக்கும் காவலாளிக்கும் ஆகும் செலவில் பங்கு போடப் பெற்றோர் தயங்கமாட்டார்கள். தமிழ் வகுப்பு இவற்றுக்குப் பின்னால் தானாக வரும்.

கேட்கும் காலமும் முக்கியம். கம்ப்யூட்டர் இடம் போட்ட பிறகு போய் நின்றால் பெற்றோர் வெறும் எண்கள். பிப்ரவரியிலேயே, தேர்வுக்கு முன்பே, பெயர்ப் பட்டியலோடு இரண்டு மூன்று சிறிய கல்லூரிகளுக்குப் போக வேண்டும். எது எழுத்தில் உறுதி தருகிறதோ அதை விருப்ப வரிசையில் முதலில் எழுத வேண்டும். சேர்த்த பிறகு பெற்றோர் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் எல்லாம் வீண். ஷிப்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று காரணங்கள் நிறைய உண்டு. அவற்றில் பல உண்மையானவையும்கூட. நாற்பது வீட்டில் எட்டு வீடாவது முறை வைத்துப் போகலாம். முதல் ஆண்டு 40, அடுத்த ஆண்டு இன்னொரு 40 என்று தொடர்ந்தால்தான் கல்லூரி மதிக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நாற்பது பேர் ஒரே மொழி பேசிக்கொண்டு ஒரே பெஞ்சு வரிசையில் உட்கார்ந்தால் கல்லூரிக்குள் ஒரு தீவு உண்டாகிவிடும். 1960-களின் இறுதியில் தென்னிந்தியக் குமாஸ்தாக்களுக்கு எதிராக மும்பையில் எழுந்த கிளர்ச்சியை மாட்டுங்காப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கி மகாராஷ்டிர அரசு 2020-ல் சட்டமே இயற்றிவிட்டது. மாநில அரசு வேலைக்குப் போக நினைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு மராத்தி சோறு போடும் மொழி. கேட்கப்படும் படிப்பறை மராத்திப் பிள்ளைகளுக்கும், உத்தரப்பிரதேசத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தால் அந்தக் கோரிக்கையை நிர்வாகம் மறுப்பது கடினம். அவர்களுடைய பெற்றோரும் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

இதற்கிடையே பலர் கவனிக்காத வாசல் ஒன்றும் திறந்தே இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி மொழிச் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நடத்தலாம். அத்தகைய ஜூனியர் கல்லூரிகளில் பாதி இடங்கள் அந்தச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கப்படுகின்றன. தமிழ்ப் பிள்ளைகள் வந்து நிரப்பாவிட்டால் அந்த இடங்கள் பொதுச் சேர்க்கைக்குத் திருப்பிவிடப்படும். கல்லூரியை மாற்றியமைக்கக் கனவு காண்பவர்கள், ஏற்கெனவே தங்கள் பெயரில் எழுதி வைத்த இடத்தைக் கேட்காமலே விட்டுவிடுவது வேடிக்கைதான்.

அந்த இடத்தைக் கேட்கப் பெரிய ஆவணம் எதுவும் தேவையில்லை. பள்ளி விடுகைச் சான்றிதழில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிள்ளையை முதல் வகுப்பில் சேர்த்த அன்று அவசரத்தில் அதில் இந்தி என்றோ மராத்தி என்றோ எழுதிவிட்டுப் போன வீடுகள் உண்டு. பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு அந்த ஒரு சொல்லைத் திருத்துவது பெரும்பாடு. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே, ஒரு நாள் அரை நாள் விடுப்புப் போட்டு, பள்ளி அலுவலகத்தில் பதிவேட்டைத் திறக்கச் சொல்லி அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட வேண்டும்.