என்50 ஏறினால் போதுமா?

2024 டிசம்பரில், மாரி வெள்ளத்தின் பின்னால் யாழ். மாவட்டத்தில் பரவி உயிர்களைப் பறித்தது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. தொண்டமானாற்றுக்கு அப்பால் வடமராட்சியில் வந்த நோய்க்கு இப்பால் அச்சுவேலித் தோட்டக்காரர் அஞ்சினால் அதில் வியப்பில்லை. தண்ணீர் தேங்கிய பாத்திக்குள் வெறுங்காலோடு இறங்குகிறவர்கள் அவர்கள். கிருமியின் மரபணுத்தொகுதியை வடக்கிலேயே வாசிக்க வசதி வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் இயந்திரத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது, கணினி தரும் கோப்புகளைப் படிக்கத் தெரிந்த ஆளை.

இயந்திரம் டிஎன்ஏயை ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. பரவலாக உள்ள இலுமினா கருவிகள் தருவது 150 எழுத்தளவிலான இலட்சக்கணக்கான துணுக்குகள். ஸ்பேட்ஸ் போன்ற நிரல் அவற்றில் பொதுவாக வரும் பகுதிகளைப் பிடித்துக் கோத்து, 'கொன்டிக்' என்னும் நீண்ட துண்டுகளாக்குகிறது. எலிக்காய்ச்சலைத் தரும் கிருமிகளில் ஒன்றான, 2003இல் சீன ஆய்வாளர்கள் மரபணுத்தொகுதியை முழுமையாக வெளியிட்ட லெப்டோஸ்பைரா இன்டரோகன்ஸுக்கு இரண்டு நிறமூர்த்தங்கள். மொத்தம் ஏறக்குறைய 47 இலட்சம் எழுத்துகள். ஒரே வடிவில் பல இடங்களில் தாவி உட்கார்ந்திருக்கும் கூறுகள் அதில் நிறைய. துணுக்கைவிட அவை நீளமாக இருக்கும் இடத்தில் எந்தப் பக்கம் போவதென்று நிரலுக்குத் தெரியாமல் கோவை அறுகிறது. இரண்டு துண்டுக்குப் பதில் நூற்றுக்கணக்கில் வந்தாலும் அது தோல்வியல்ல.

அறிக்கைகளில் முன்னால் நிற்பது என்50. பெரிய துண்டிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போகையில் மொத்த நீளத்தின் பாதியைத் தொடும் துண்டின் நீளம் அது. பொருந்தாத இரண்டைத் தவறாக ஒட்டினாலும் இந்த எண் ஏறும், அதுதான் வில்லங்கம். ஸ்பேட்ஸ் தரும் ஃபாஸ்டா கோப்பில் ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் நீளத்துக்கு அடுத்து 'கவ்' என்றொரு எண் உண்டு. அப்பகுதி எத்தனை மடங்கு வாசிக்கப்பட்டது என்பதை அது மட்டாகக் காட்டும். மற்றவை 60இல் நிற்க ஒன்று மட்டும் 3 என்றால் அந்நிய டிஎன்ஏ புகுந்ததோ என்று பார்க்க வேண்டும். 120 என்றால் இரண்டு இடத்துப் பகுதி ஒன்றாக மடிந்திருக்கலாம். 2015இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று, 'நீர்க்கரடி' என்ற நுண்விலங்கின் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு பிற உயிர்களிடமிருந்து வந்தவை என்று அறிவித்தது. எடின்பரோ ஆய்வாளர்கள் இந்த வாசிப்பு மடங்கையும் எழுத்துச் சேர்க்கையையும் ஒப்பிட்டு, அவற்றில் பெரும்பாலானவை கூடவந்த பக்டீரியாவின் கலப்படம் என்று காட்டினர். லெப்டோஸ்பைராவை வளர்த்தெடுக்க வாரக்கணக்காகும். இடையில் வேறு பக்டீரியா புகுவது சகஜம் என்பதால் நமக்கும் இது தூரத்துக் கதையல்ல.

கிருமியின் டிஎன்ஏ உண்டா என்று பார்க்கும் பிசிஆர் சோதனை போதாதா என்று கேட்கலாம். நோயாளிக்குப் போதும், சந்தேகம் வந்தவுடனேயே மருந்தைத் தொடங்குவது அதைவிடச் சரி. ஆனால் குருதிப் பரிசோதனையில் எந்த உள்ளூர் வகைகளைச் சேர்ப்பது, தொற்று எலியிலிருந்தா மாட்டிலிருந்தா வந்தது என்பதற்கெல்லாம் பிசிஆரின் 'ஆம்', 'இல்லை' உதவாது. கொழும்புக்கு அனுப்பலாமே என்பதும் சரிதான். அங்கிருந்து இறுதித் தொடர் மட்டும் திரும்பி வந்தால் அதை நம்புவதற்கோ மறுப்பதற்கோ இங்கே யாரிடமும் ஆதாரம் இராது. நீள்வாசிப்புக் கருவிகள் வந்தபிறகு இந்தக் கவலை எதற்கு என்போருக்கும் பதில் உண்டு: அறுந்த இடங்களை அவை பெரும்பாலும் இணைத்துவிடும், ஒரே மாதிரியில் கலந்துபோன இரண்டு வகைகளைப் பிரித்துத் தருவது வேறு வேலை. எங்கே ஆய்வு நடந்தாலும் மூலத் துணுக்குகள், துண்டுகளின் இணைப்பு வரைபடம், நிரலின் பதிவுக்கோப்பு மூன்றையும் அறிக்கையோடு ஒப்படைக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு விதி செய்யலாம். இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் அவற்றைச் சேமிக்கும் வன்தட்டின் விலை ஒரு பொருட்டே அல்ல.