ஒரே கல்லும் ஒரே மூச்சும்

"அந்தப் பாட்டை மனிதர் ஒரே மூச்சில் பாடினாராமே, நிஜந்தானா?" என்ற கேள்வி நமது நாட்டில் 25 வருஷங்களுக்கு மேலாக உலவி வருகிறது. கேள்விக்கு இலக்கானவர் சங்கர் மகாதேவன். 1998-ஆம் வருஷத்தில் வெளியான அவருடைய முதல் தனி இசைத் தொகுப்புக்கு 'பிரெத்லெஸ்' என்று பெயர். 'மூச்சுவிடாத பாட்டு' என்று நாம் அதைத் தமிழில் வழங்கலாம். தலைப்புப் பாட்டு ஏறக்குறைய 3 நிமிஷம் ஓடுகிறது. ஜாவேத் அக்தர் எழுதிய ஹிந்திச் சொற்கள், வெள்ளம் புரண்ட பாலாற்றைப்போல, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. எங்கேயும் ஒரு கணம் நிற்பதில்லை. மூச்சு வாங்கும் சப்தமும் காதில் விழுவதில்லை. கேட்கிற நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது!

சங்கர் மகாதேவன் 1967-இல் மும்பாய்ச் செம்பூரில் பிறந்தவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தினர். சிறு பிராயத்திலேயே வீணை பயின்றார். கர்நாடக சங்கீதம், ஹிந்துஸ்தானி சங்கீதம் இரண்டையும் கற்றார். கம்ப்யூட்டர் என்ஜினீயராகி உத்தியோகமும் பார்த்தார். பிறகு அதைத் துறந்து பாட்டுக்கு வந்து சேர்ந்தார். "இந்த வாரம் ஜாஸ் சங்கீதம் என்று சொன்னீர்களே, இவர் எங்கே வந்தார்?" என்று நேயர்கள் வினவலாம். ஜாஸ் உலகில் பெரும் புகழ் படைத்த கிதார் வித்வான் ஜான் மக்லாஃப்லின் 1970-களில் நம்மவர்களோடு கூடி 'சக்தி' என்னும் கோஷ்டியை அமைத்தார். பிற்காலத்தில் அது புத்துயிர் பெற்றபோது அதன் பாடகராக வந்தவர் சங்கர் மகாதேவன்தான். ஆகவே மேனாட்டு ஜாஸ் ரஸிகர்கள் விரும்பிக் கேட்கும் நம்மவர் குரல்களில் இவருடையதும் ஒன்று.

ஜாஸ் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டும் அவமதிப்பிலிருந்து விடுபடாத நீக்ரோ மக்கள், நியூ ஆர்லியன்ஸ் முதலிய நகரங்களில் தங்கள் துயரத்தையும் குதூகலத்தையும் கலந்து பிறப்பித்த சங்கீதம் அது. நமது மனோதர்மத்தைப்போல, அந்தந்தக் கணத்தில் கற்பித்து வாசிப்பதே அதன் ஜீவன். சொற்களை விட்டுவிட்டு வெறும் அசைகளைக் கொண்டே பாடும் வழக்கமும் அதில் உண்டு. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1926-இல் அப்படிப் பாடிக் கொடுத்த இசைத்தட்டு பிரசித்தமானது. ஸ்வரமும் ஜதியும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இதில் அந்நியமாக என்ன இருக்கிறது?

சென்ற மாதம் செங்கற்பட்டில், கொளவாய் ஏரிப்பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடினோம். இரண்டு பாடகர்களின் முதல் தொகுப்புகளை அடுத்தடுத்துக் கேட்டு அபிப்பிராயம் சொல்வதென்று ஏற்பாடு. ஒன்று மேலே சொன்ன 'பிரெத்லெஸ்'. மற்றொன்று அமெரிக்க ஜாஸ் பாடகர் செட் பேக்கர் 1954-இல் பாடி வெளியிட்ட முதல் தொகுப்பு.

முதல் பாட்டு முடிந்ததும் கூடத்தில் ஆரவாரம் எழுந்தது. காலேஜில் படிக்கும் இளைஞன் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "மூன்று நிமிஷம் மாமா, மூன்று நிமிஷம்!" என்று கூவினான். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், "பிராணாயாமம் பண்ணியிருப்பார்" என்றார். மிருதங்கம் கற்கும் பையன், "லயம் ஓர் இம்மி அசையவில்லையே!" என்று வியந்தான். வீணை சொல்லிக்கொடுக்கும் அம்மாள் ஒருவர் மாத்திரம் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அது சரி, பாட்டு எதைப் பற்றி?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஹிந்தி தெரிந்தவர்கள் இருவர் அங்கே இருந்தார்கள். அவர்களும் மூச்சைக் கவனித்தார்களே தவிர, பேச்சைக் கவனிக்கவில்லை.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். 3 நிமிஷத்துக்குக் குறைந்தது 36 தடவை ஆகிறது. உரத்த குரலில், வேகமான சொற்களை, ஸ்தாயி மாற்றிப் பாடுகிறவர் அரை நிமிஷம் தாக்குப்பிடித்தாலே பெரிய காரியம். 3 நிமிஷம் ஒரே மூச்சில் பாடுவது மானிட தேகத்தினால் ஆகாது. சொற்களுக்கு இடையே இடுக்கு வைக்காமல் பாட்டை அமைத்ததுதான் அதிலுள்ள சூட்சுமம். மேடையில் அதைப் பாடுகிறவர், நாம் அறியாதபடி சின்னஞ்சிறு மூச்சுகளைத் திருடிக்கொள்ள வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்திலோ, துண்டு துண்டாகப் பாடிச் சேர்க்கவும் மூச்சுச் சப்தத்தை நீக்கவும் வசதிகள் இருக்கின்றன.

தமிழ் ரஸிகர்களுக்கு இது புதிதன்று. 1990-இல் வெளிவந்த 'கேளடி கண்மணி' படத்தில், இளையராஜாவின் இசையில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய 'மூச்சுவிடாத' பாட்டை அறியாதவர் யார்? அதையும் ஒரே மூச்சில் பாடியதாகவே ஊரெல்லாம் நம்பிற்று. அதுவும் ஒலிப்பதிவுக் கூடத்தின் துணையோடு அமைந்ததுதான். அப்படியென்றால் இந்தப் பாட்டுகள் மோசடியா? இல்லவே இல்லை. ஆனால், "ஒரே மூச்சு இல்லை" என்று நாம் சொன்னவுடன் செங்கற்பட்டு இளைஞனின் முகம் வாடிப் போயிற்று. கேட்ட பாட்டில் ஒரு ஸ்வரமும் குறையவில்லை. இருந்தும் அவனுக்கு அதன் விலை பாதியாகிவிட்டது!

அந்த வாட்டம் தீருமுன் செட் பேக்கரின் தொகுப்பை வைத்தோம். இவர் 1929-இல் பிறந்தவர். முதலில் டிரம்பெட் வாத்தியக்காரராகவே பெயர் பெற்றார். பாடத் தொடங்கியபோது, "குரலில் பலமில்லை, சுருதி ஊசலாடுகிறது, ஆண்பிள்ளைக் குரலாகவே இல்லை" என்றெல்லாம் விமரிசகர்கள் பலர் எள்ளி நகையாடினார்கள். முதலில் 8 பாட்டுகளோடு சிறிய தட்டாக வந்த இத்தொகுப்பு, 1956-இல் இன்னும் 6 பாட்டுகள் சேர்ந்து பெரிய தட்டாயிற்று. 2001-இல் கிராமி ஸ்தாபனத்தார் என்றும் போற்றத்தக்க ஒலிப்பதிவுகளின் வரிசையில் அதைச் சேர்த்தார்கள். நகைத்தவர்களின் சிரிப்பு அடங்கிவிட்டது, பாட்டு நின்றுவிட்டது.

செங்கற்பட்டில் அதற்குக் கிடைத்த வரவேற்பு விசித்திரமானது. பள்ளி ஆசிரியர், "காய்ச்சலில் படுத்திருக்கிறவன் பாடுவதுபோல் இருக்கிறதே!" என்றார். மிருதங்கப் பையன் கொட்டாவி விட்டான். நாலாவது பாட்டுக்குள் கூடம் தானாகவே நிசப்தமாயிற்று. பேக்கர் ஒவ்வோர் அடியையும் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்; அடுத்த அடியைச் சொல்லத் துணிவு வருமோ வராதோ என்று தயங்குகிறவரைப்போல மூச்சு எடுக்கிறார். அந்த இடைவெளியில் பியானோ ஒரு வார்த்தை ஆறுதல் சொல்கிறது. வீணை அம்மாள், "பாவம், இந்தப் பிள்ளைக்கு யாரோ மிகவும் வேண்டியவர்கள் போய்விட்டார்கள் போலிருக்கிறது" என்றார். பாட்டின் பாஷை அவருக்குத் தெரியாது, விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவர் மூச்சை மறைத்ததால் நாம் பாட்டின் பொருளை மறந்தோம். மற்றொருவரின் மூச்சு தெரிந்ததால் அந்தப் பொருள் நமக்குத் தெரிந்தது.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் இதே விஷயத்தைக் கல்லிலே காணலாம். ஐந்து ரதங்களின் முன்னால் நிற்கும் ஜனங்களின் வாயிலிருந்து வரும் முதல் சொற்கள், "ஒரே கல்லாமே!" என்பவை. உண்மைதான். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி, ஒட்டுப் போடாமல் அந்த ரதங்களைப் படைத்தார்கள். வியக்கத்தக்க காரியமே. ஆனால் வியந்தவர்களில் எத்தனை பேர் தர்மராஜ ரதத்தைச் சுற்றிவந்து, அதன் மாடங்களில் நிற்கும் மூர்த்திகளின் முகத்தைப் பார்க்கிறார்கள்? "ஒரே கல்" என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு இளநீர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

சிறிது தூரத்தில் கடற்கரைக் கோயில் நிற்கிறது. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த அது, கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டியது. கல்லும் கல்லும் சேரும் கோடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. உப்புக் காற்று 1300 வருஷமாக அரித்தும் அதன் விமானம் வானத்தை நோக்கி எழுகிற லாவண்யம் குறைந்தபாடில்லை. ஒட்டுப் போட்ட கோயில் என்று யாராவது அதைத் தாழ்த்திச் சொல்வதுண்டா? ஒரே கல்லில் குடைந்ததும் அழகுதான், பல கல்லில் கட்டியதும் அழகுதான். ஒரே கல் என்பதும் ஒரே மூச்சு என்பதும் வேலையின் வகையைத்தான் சொல்லும். அழகைச் சொல்ல வேறு கண்ணும் வேறு காதும் வேண்டும்.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த வீணை அம்மாளிடம் அண்மையில் ஒரு தகப்பனார் தம்முடைய பத்து வயதுப் பையனை அழைத்து வந்து, "மூச்சுவிடாமல் பாடக் கற்றுக்கொடுங்கள், டெலிவிஷன் போட்டிக்கு அனுப்பவேண்டும்" என்றாராம். அம்மாள், "மூச்சுவிடக் கற்றுக்கொடுக்கிறேன், வேண்டுமானால் இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். தகப்பனார் வேறு வாத்தியாரைத் தேடிப் போய்விட்டாராம். இந்த மனப்பான்மை இன்று வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. எட்டு வயதுக் குழந்தை எட்டாத ஸ்தாயியில் கத்துகிறது. சபையோர் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். குழந்தையின் கழுத்து நரம்பு புடைத்திருப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. பிஞ்சுக் குரல் கெட்டுப்போனால், கை தட்டியவர்கள் வந்து சரிசெய்து தருவார்களா?

நமது சாஸ்திரம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 'நாதம்' என்ற சொல்லில் நகாரம் பிராணன், தகாரம் அக்கினி என்று 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகர'த்தில் சொன்னார். பிராணனைப் பதுக்கி வைப்பது சங்கீதத்தின் நோக்கம் அன்று. நாதமாக்கி வழங்குவதே நோக்கம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டவர்கள் இரவெல்லாம் உறங்காமல் கிடந்தது உண்டு. அவர் எத்தனை தடவை மூச்சு வாங்கினார் என்று எண்ணிக்கொண்டு கிடந்தவர் எவரும் இலர்.

சங்கர் மகாதேவனுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அந்த ஒரு பாட்டோடு அவரை நிறுத்திவிடக்கூடாது. 'சக்தி' கோஷ்டியார் 2023-இல் வெளியிட்ட 'திஸ் மொமெண்ட்' தொகுப்பை நேயர்கள் கேட்கவேண்டும். மக்லாஃப்லின் கிதார், ஜாகிர் ஹுசேன் தபலா, கணேஷ் ராஜகோபாலன் பிடில், விக்கு விநாயக்ராமின் குமாரர் செல்வகணேஷின் கஞ்சிரா ஆகியவற்றுக்கு நடுவே அவர் பாடுகிறார். 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமிப் பரிசு கிடைத்தது. அதே வருஷம் டிசம்பரில் ஜாகிர் ஹுசேன் காலமானார் என்பதை நினைத்தால் அந்தத் தொகுப்பின் அருமை இன்னும் கூடுகிறது. அதில் சங்கர் மகாதேவன் ஓர் ஆலாபனையைத் தொடங்குகிறார், நிறுத்துகிறார், மற்றவர்களின் பதிலுக்குக் காத்திருக்கிறார். முதல் தொகுப்பில் மூச்சை ஒளித்து ஊரை அதிசயிக்க வைத்தவர், இங்கே கூட இருப்பவர்களோடு சேர்ந்து மூச்சு விடுகிறார்.

'பிரெத்லெஸ்' பாட்டை நேயர்கள் மறுபடியும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கவேண்டுமென்று சிபாரிசு செய்கிறோம். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஹிந்தி தெரிந்த யாரையாவது பக்கத்தில் உட்கார்த்தி அர்த்தம் கேட்டுக்கொண்டு கேளுங்கள். செங்கற்பட்டு நண்பர்கள் அப்படித்தான் செய்தார்கள். சொற்கள் ஏன் நிற்காமல் ஓடுகின்றன என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கிற்று. ஒரு பெண்ணின் நினைவில் மூழ்கியவன், சொல்லி முடிக்குமுன் அந்த நினைவு கலைந்துவிடுமோ என்ற பதற்றத்தில் பேசுகிறான். காலேஜ் இளைஞன் இந்தத் தடவை நிமிஷத்தைக் கணக்கிடவில்லை. "பாட்டு சீக்கிரம் முடிந்துவிட்டது" என்று மாத்திரம் சொன்னான்.