தேய்மானம் இல்லாத சரக்கு

பி.காம். முடித்தவனுக்கு எல்லாம் மறந்து போனாலும் தேய்மானம் மட்டும் மறக்காது. எந்தச் சொத்தாக இருந்தாலும் வாங்கின மறுநாளே மதிப்பு இறங்க ஆரம்பித்துவிடும். ஏ.சி., கம்ப்யூட்டர், மேனேஜர் உட்காரும் சுழல் நாற்காலி (மேனேஜரையும் சேர்க்கலாம், ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார்) எல்லாமே வருஷா வருஷம் தேய்ந்து ஒரு நாள் காயலாங்கடைக்குப் போயாக வேண்டும்.

இந்த விதிக்கு ஏறக்குறைய டிமிக்கி கொடுத்த சரக்கு ஒன்று உண்டு. கண்ணிவெடி. புதைத்த ராணுவம் வீட்டுக்குப் போயிருக்கும், சண்டை போட்ட தலைவர்கள் கை குலுக்கியிருப்பார்கள். இது மட்டும் இருபது, முப்பது வருஷம் கழித்தும் அதே விறைப்பில் டூட்டியில் இருக்கும்.

1990-களில் ஐ.நா. வட்டாரத்தில் அடிக்கடி சொன்ன கணக்கு இது: சாதாரண ரகம் ஒன்று 3 டாலருக்குக் கிடைக்கும். அதையே தோண்டி எடுத்து அழிக்க 300 முதல் 1,000 டாலர் ஆகும். வாங்குகிறவன் ஒருத்தன், பில் கட்டுகிறவன் வேறொருத்தன். அந்த பில்லும் யுத்தம் ஓய்ந்த பிறகு, ஆடு மேய்க்கப் போன ஏதோ ஒரு பையன் பேரில் வரும்.

இதைத் தொடங்கி வைத்த புண்ணியவான்களில் முக்கியமானவர் கேப்ரியல் ரெயின்ஸ் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. 1840-ல் ஃப்ளோரிடாவில் செமினோல் பழங்குடியினரோடு சண்டை. ரெயின்ஸ் ஒரு பீரங்கிக் குண்டைப் புதைத்து, மேலே துணியைப் போட்டு வைத்தார், யாராவது வந்து எடுக்கட்டும் என்று. குண்டு வெடித்தது. என்ன ஆச்சு என்று பார்க்கப் போன ரெயின்ஸை செமினோல்கள் ஒளிந்திருந்து சுட்டார்கள். படுகாயம். வேறு யாராக இருந்தாலும் அதோடு தலை முழுகியிருப்பார்கள். இவர் 1862-ல், உள்நாட்டு யுத்தத்தில் தெற்கத்திக்காரர்கள் பக்கம் சேர்ந்து, யார்க்டவுனில் பின்வாங்கும்போது வழியெல்லாம் குண்டுகளைப் புதைத்துவிட்டுப் போனார். எதிராளி கொதித்ததில் ஆச்சரியமில்லை. அவர் தரப்பு ஜெனரல் லாங்ஸ்ட்ரீட்டே, 'இதெல்லாம் முறையான யுத்தம் இல்லை' என்று தடை போட்டார். ஆனால் தடை நிலைக்கவில்லை. பின்னால் ரெயின்ஸுக்கு இதற்கென்றே தனி இலாகா கொடுத்தார்கள்! ஆபீஸ் நடைமுறை அந்தக் காலத்திலிருந்தே மாறவில்லை.

கண்ணி என்பது பறவை பிடிக்கிறவன் வைக்கும் சுருக்கு. ஆங்கிலத்தில் 'பூபி ட்ராப்' என்கிறார்கள். பூபி என்றால் மண்டு. ஆனால் இதில் மாட்டுகிறவன் மண்டு இல்லை சார். நம்மை மாதிரி சராசரி ஆசாமிதான். கீழே ஒரு நல்ல பேனா கிடந்தால் குனிந்து எடுக்காதவர் எத்தனை பேர்? அந்தக் குனிதலை நம்பித்தான் மொத்த ஏற்பாடும்.

1917-ல் பிரான்சில் ஜெர்மானியர்கள் பின்வாங்கியபோது விட்டுப்போன தலைக்கவசம், மண்வெட்டி, படிக்கட்டு என்று எதை நம்பித் தொடுவது என்றே தெரியாமல் வைத்திருந்தார்கள். பப்போம் என்ற ஊருக்குள் ஆஸ்திரேலியப் படை மார்ச் 17-ம் தேதி நுழைந்தது. ஊரே இடிபாடு. டவுன் ஹால் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அப்பாடா என்று அங்கே தங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் ஓடியது. 25-ம் தேதி ராத்திரி கட்டடம் அப்படியே மேலே கிளம்பிக் கீழே விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த சிப்பாய்களோடு பிரெஞ்சு எம்.பி.க்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். கடிகாரம் எதுவும் கிடையாது. ஊசியை இழுத்துப் பிடித்திருந்த ஒரு கம்பியை அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த யுத்தத்தில் இது ஓட்டப்பந்தயமாகவே ஆகிவிட்டது. எல் அலமெய்னில் ரோமலின் படை புதைத்து வைத்தது ஏறக்குறைய 5 லட்சம் வெடிகள். பிரிட்டிஷாருக்குக் கை கொடுத்தவர் யோசஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி. மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டரை உருவாக்கினார். காப்புரிமை, ராயல்டி எதுவும் கேட்கவில்லை. ராஜாவிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. (இன்க்ரிமென்ட்டுக்குப் பதில் பாராட்டுக் கடிதம் வாங்கின அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம்.)

உலோகத்தைத்தானே கண்டுபிடிக்கிறாய், இந்தா மரப்பெட்டி என்றார்கள் ஜெர்மானியர்கள். அப்புறம் கண்ணாடி, பிளாஸ்டிக். 1980-களில் ஆப்கானிஸ்தானில் சோவியத் ஹெலிகாப்டர்கள் பச்சை நிறத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்றைத் தூவின. சிறகு வைத்தது மெதுவாகச் சுழன்று இறங்குவதற்காக. பொம்மையாக இருக்கட்டும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. குழந்தைகளுக்கு அது எப்படித் தெரியும்? ஓடிப்போய்ப் பொறுக்கினார்கள்.

பிளாஸ்டிக்குக்கு பதில் சொன்னது எலி. ஆப்பிரிக்கப் பெரிய எலிகளுக்குத் தான்சானியாவில் பயிற்சி கொடுக்கிறார்கள். உலோகத்தைத் தேடாது, வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும். மிதித்தாலும் வெடிக்காத எடை. கம்போடியாவில் மகாவா என்ற எலி ஐந்து வருஷ சர்வீஸில் நூற்றுக்கும் மேல் கண்டுபிடித்து, 2020-ல் வீரத்துக்காகத் தங்கப் பதக்கம் வாங்கி, 2021-ல் ரிட்டயர் ஆனது. சம்பளம் வாழைப்பழம், வேர்க்கடலை. பி.எஃப். பிடித்தம் இல்லை.

1997-ல் ஒட்டாவாவில் கூடிப் பல நாடுகள், மனிதர்களைக் குறிவைக்கும் இந்த வெடிகளையே தடை செய்து கையெழுத்துப் போட்டன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பாகிஸ்தான், நாம் யாரும் போடவில்லை. பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2001 டிசம்பரிலிருந்து நம் ராணுவம் மேற்கு எல்லை நெடுக, பஞ்சாப் வயல்கள் உட்பட, வெடிகளைப் புதைத்தது. எதிரி வரவில்லை. புதைக்கும்போதும் எடுக்கும்போதும் நம் ஜவான்கள் செத்தார்கள். அறுவடை போச்சு. 2025-ல் போலந்து, பின்லாந்து, மூன்று பால்டிக் நாடுகள், ஆக ஐந்தும் ரஷ்யாவைக் காரணம் காட்டி ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டன. மறுபடி ஆர்டர் புத்தகம் திறந்தாகிவிட்டது.

ஆனால் பழைய ஆர்டரே இன்னும் பைசல் ஆகவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதை 'மிதிவெடி' என்பார்கள். நம் வார்த்தையைவிட அதில் விஷயம் வெளிப்படை. யாழ்ப்பாணம் - கண்டி சாலையில் முகமாலை என்ற இடம், ரொம்ப காலம் இரண்டு தரப்புக்கும் நடுவே போர்முனையாக இருந்தது. ராணுவம் புதைத்த பாகிஸ்தான் தயாரிப்பு பிளாஸ்டிக் வெடி ஒரு பக்கம், புலிகள் தாங்களே மரப்பெட்டியில் செய்த 'ஜொனி' இன்னொரு பக்கம். சண்டை 2009 மே மாதம் முடிந்தது. இலங்கை 2017 டிசம்பரில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. எல்லாவற்றையும் எடுத்து முடிக்க அதற்குக் கிடைத்த கெடு 2028.

எடுக்கிறவர்களில் கணிசமானோர் உள்ளூர்ப் பெண்கள். யுத்தத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள் பலர். தலை போன பனைமரங்களுக்குக் கீழே, முகத்துக்கு முன்னால் கனமான பிளாஸ்டிக் தடுப்போடு, வெயிலில் மண்டியிட்டு உட்கார்ந்து, நீளக் கைப்பிடி போட்ட வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறார்கள். ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவே நிறைய இடைவெளி விட வேண்டும். வெடித்தால் ஒருத்தரோடு போகட்டும் என்பதுதான் காரணம். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது.

ஒன்று தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி மேற்பார்வையாளரைக் கூப்பிடுவார்கள். உள்ளங்கையில் அடங்குகிற சமாசாரம். அதை அழித்து, கணக்கில் எழுதி, குச்சியை ஒரு சாண் முன்னால் நகர்த்திவிட்டு, அந்தம்மா மறுபடி மண்டியிடுகிறார்.