நான்கு சுவருக்குள் வாடும் இளம் மனங்கள்



க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒன்றின் ஒரு நாளைக் கணக்குப் பார்ப்போம். ஸுபஹுத் தொழுத கையோடு பாடசாலை வேன். பாடசாலை விட்டதும் சோறு. பிறகு ரியூஷன் வகுப்பு. ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு முச்சக்கரவண்டி. மஃரிபுக்குப் பின் வீட்டுப்பாடம். இஷாவுக்குப் பின் கைத்தொலைபேசி. இந்த நாளில் அப்பிள்ளை திறந்த வானத்தின் கீழ் நின்ற நேரம் எவ்வளவு? வேனில் ஏறவும் இறங்கவும் எடுத்த சில நிமிடங்கள்தான்.

இதே பிள்ளையைப் பற்றித்தான் தாய்மார் கவலைப்படுகின்றனர். "எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள்", "அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான்", "இரவு இரண்டு மணிக்கும் தூக்கமில்லை, காலையில் எழும்ப முடியவில்லை", "காரணமில்லாமல் அழுகிறாள்". சிலர் இதனை வயதுக் கோளாறு என்கிறார்கள். சிலர் போனைக் குறை சொல்கிறார்கள். சிலர் கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை எத்தனை நாளாகப் புல்லில் கால் வைக்கவில்லை என்று கேட்பவர் குறைவு.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மரமும் வானமும் மனதுக்கு நல்லவை என்பது நம் மூத்தம்மாமாருக்குத் தெரிந்த விடயம்தான். அதனை இப்போது விஞ்ஞானிகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1984ஆம் ஆண்டு றொஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளை ஆராய்ந்தார். பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளில் பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்றப் பாதிப் பேருக்குச் செங்கற் சுவர்தான் தெரிந்தது. மரங்களைப் பார்த்துக் கிடந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலி நிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

2019இல் டென்மார்க்கில் வெளிவந்த ஆய்வு நம் பிள்ளைகளின் விடயத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1985 முதல் 2003 வரை பிறந்த 9 இலட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளை அவ்வாய்வு எடுத்துக்கொண்டது. மிகக் குறைந்த பசுமையின் நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மனநோய் ஏற்படும் அபாயம், பசுமை நிறைந்த இடத்தில் வளர்ந்தவர்களைவிட 55 சதவீதம் வரை அதிகமாக இருந்தது. குடும்பத்தின் வருமானம், பெற்றோருக்கிருந்த மனநோய் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும் வித்தியாசம் நீங்கவில்லை. பசுமை மட்டும்தான் காரணம் என்று இதனை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் அலட்சியப்படுத்தக் கூடிய விடயமும் அல்ல.

இது எப்படி நிகழ்கிறது? பாடப்புத்தகமும் தொலைபேசித் திரையும் நம் கவனத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்தப் பிடியில் மூளை களைத்துப் போகிறது. அசையும் இலையும் ஓடும் தண்ணீரும் பறக்கும் பறவையும் கவனத்தை மெல்லத் தொடுகின்றனவே தவிர, பிடித்து இழுப்பதில்லை. களைத்த மனம் அங்கே ஓய்வெடுக்கிறது. கவலைப்பட்ட விடயத்தையே திரும்பத் திரும்ப மனதில் அரைத்துக்கொண்டிருப்பதும் குறைகிறது. மரங்களுக்கிடையே 90 நிமிடங்கள் நடந்தவர்களிடம் இந்த அரைப்பு குறைந்ததை 2015இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் கண்டார்கள். வாகனங்கள் நிறைந்த வீதியில் நடந்தவர்களிடம் அது குறையவில்லை.

தூக்கத்துக்கும் இதில் பங்குண்டு. காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடத் தொடங்குகிறது. பகலில் வெளிச்சம் காணாமல், இரவில் திரையின் வெளிச்சத்தில் விழித்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கடிகாரம் பிந்திவிடுகிறது. தூக்கம் கெட்டால் மனமும் கெடும்.

நபிகளாரின் வாழ்விலே

மக்காவின் குறைஷிக் குடும்பங்கள் தங்கள் குழந்தைகளைப் பாலைவனத்துச் செவிலித் தாய்மாரிடம் கொடுத்து வளர்த்தன. நபி (ஸல்) அவர்களும் பனூ ஸஅத் கோத்திரத்து ஹலீமா (றழி) அவர்களிடம் திறந்த வெளியிலேயே வளர்ந்தார்கள். இளமையில் ஆடு மேய்த்தார்கள். மழை பெய்தபோது தமது ஆடையைச் சற்று விலக்கி, மழைத்துளி மேனியில் படச் செய்தார்கள் என்று முஸ்லிம் கிரந்தம் அறிவிக்கிறது. நம் வீட்டில் மழை தூறியதும் "உள்ளே வா, தடிமன் பிடிக்கும்" என்று கதவைச் சாத்துகிறோமே!

அனஸ் (றழி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வளர்த்தார். அது இறந்துபோனதும் கவலையில் ஆழ்ந்தார். அக்குழந்தையிடம் நபியவர்கள் அன்போடு பேச்சுக் கொடுத்து, குருவியைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு குருவிக்காகக் குழந்தை வருந்துவதை அவர்கள் அற்பமாக நினைக்கவில்லை. வானத்தையும் மலைகளையும் பூமியையும் ஒட்டகத்தையும் பார்த்துச் சிந்திக்குமாறு அல்குர்ஆன் அழைக்கிறது. சுவரையும் திரையையும் மட்டும் பார்த்து வளரும் பிள்ளை அந்த அழைப்புக்கு எப்படிப் பதில் கொடுக்கும்?

பெண்பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

இவ்விடயத்தில் அதிகம் இழப்பவர்கள் நம் பெண்மக்களே. பத்து வயது வரை முற்றத்தில் ஓடித் திரிந்தவள் பெரியபிள்ளையானதும், முற்றமே அவளுக்கு அந்நியமாகி விடுகிறது. "வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவாய்", "ஊர் என்ன சொல்லும்" என்ற இரண்டு வசனங்களால் அவளது வானத்தை நாம் மூடிவிடுகிறோம். மனம் அதிகம் கொந்தளிக்கும் வயதும் அதுதான்.

பேண வேண்டிய ஒழுக்கங்களைப் பேணத்தான் வேண்டும். ஆனால் ஒழுக்கத்தின் பெயரால் மார்க்கம் விதிக்காத சிறையை நாம் கட்டக் கூடாது. பிரயாணமொன்றில் நபியவர்கள் தோழர்களை முன்னே அனுப்பிவிட்டு, ஆயிஷா (றழி) அவர்களுடன் ஓட்டப்போட்டி வைத்தார்கள். முதலில் ஆயிஷா நாயகி வென்றார்கள். பிறிதொரு முறை நபியவர்கள் வென்றார்கள். (அபூதாவூத்) பெருநாளன்று குமரிப்பெண்கள் உட்படப் பெண்கள் அனைவரையும் தொழுகைத் திடலுக்கு அழைத்து வருமாறும் பணித்தார்கள். (புகாரி, முஸ்லிம்) ஹிஜாப் அணிந்த பெண் வெளியில் செல்வதற்காகத்தானே ஹிஜாப்? வீட்டுக்குள்ளேயே இருப்பதற்கு அது எதற்கு?

கொழும்பு காலிமுகத்திடலில் ஒரு நினைவுக் கல் உண்டு. 1859இல் அந்த நடைபாதையை அமைத்து முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதனைத் தம் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக அக்கல்லில் பொறித்துள்ளார். ஓர் ஆங்கிலேய ஆளுநருக்கு வந்த நினைப்பு நமக்கு வராமல் போகலாமா?

"என் மகன் வெளியில்தானே திரிகிறான்" என்று சொல்லும் உம்மாமாரும் உண்டு. சந்தியில் நின்று போனைப் பார்ப்பது இயற்கையோடு இருப்பதாகாது. "ஐஸ்" போன்ற போதைப்பொருள்கள் ஊருக்குள் நுழைந்திருக்கும் இக்காலத்தில், மகனை வாப்பாவோ மாமாவோ வயலுக்கும் ஆற்றுக்கும் தூண்டில் போடவும் கூட்டிச் செல்வது அவனைச் சந்தியிலிருந்தும் காப்பாற்றும்.

காசு செலவில்லாமல் செய்யக் கூடியவை

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சுற்றுலா என்பதே எட்டாக்கனி. அதற்கு அவசியமும் இல்லை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் 2019இல் வெளியான ஆய்வின்படி, வாரத்துக்கு 120 நிமிடங்கள் இயற்கையோடு கழிப்பவர்கள் உடலாலும் மனதாலும் நலமாக இருப்பதாகக் கூறினர். அதனை ஒரே நாளில் கழித்தாலும் சிறிது சிறிதாகக் கழித்தாலும் வேறுபாடில்லை. ஒரு நாளைக்கு 20 நிமிடம் வைத்தாலே கணக்குச் சரியாகிவிடும்.

ஸுபஹுக்குப் பின் வீதி நிறைய முன்னர் மகளுடன் சற்று நடவுங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அரை மணி நேரத்தையாவது ரியூஷனிடமிருந்து மீட்டெடுங்கள்.

பிள்ளைக்கென்று ஒரு செடி கொடுங்கள். கொச்சிக்காய்க் கன்று இரண்டரை, மூன்று மாதத்தில் காய்க்கும். முற்றமில்லாத மாடி வீட்டிலும் பழைய வாளியொன்றில் ரம்பையும் வல்லாரையும் வளரும். தண்ணீர் ஊற்றுவது அப்பிள்ளையின் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ உண்பது அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியையும் சொல்லிக்கொடுங்கள்.

கொண்டைக்குருவி வீட்டு விறாந்தையிலும் மின்விளக்கின் மேலும்கூடக் கூடு கட்டும். அதனைக் கலைக்காதீர்கள். முட்டை பொரித்துக் குஞ்சு பறக்கும் வரை பிள்ளைகள் தூர நின்று பார்க்கட்டும். ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து நம் தோட்டங்களுக்கு வரும் ஆறுமணிக்குருவியின் குரலை அடையாளம் காணப் பழக்குங்கள்.

மாதம் ஒருமுறை குடும்பத்தோடு புறப்படுங்கள். ஒரு பிளாஸ்க்கில் பிளேன்டீயும் கொஞ்சம் ரொட்டியும் போதும். புரியாணி சமைத்து நீங்கள் களைத்துப் போக வேண்டியதில்லை. உங்கள் மனதுக்கும் இந்த ஓய்வு தேவை. 2018இல் சர்வதேச ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பில் பெத்தகானப் பூங்கா இருக்கிறது. கண்டியில் உடவத்தகலை வனமும், அருகே பேராதனைப் பூங்காவும் இருக்கின்றன. கிழக்கிலே கடற்கரையும் வாவியும் வாசலிலேயே இருக்கின்றன. போன்களை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். அங்கே பரீட்சையைப் பற்றிப் பேசாதீர்கள். பக்கத்தில் நடக்கும்போது, முகம் பார்த்துச் சொல்ல முடியாததைப் பிள்ளை தானாகவே சொல்லும்.

கவனிக்க வேண்டியவை

டெங்கு நுளம்பு காலையிலும் மாலையிலும்தான் அதிகம் கடிக்கும். எனவே கை கால்களை மூடும் உடை அணிவியுங்கள். பூச்சாடித் தட்டுகளில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கடுமையான நண்பகல் வெயிலைத் தவிருங்கள். வயற் சேற்றில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சலையும் நினைவில் வைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவுகளை இழந்த கரையோரக் குடும்பங்களில் கடல் பற்றிய அச்சம் பிள்ளைகளுக்கும் கடத்தப்பட்டிருக்கலாம். அவர்களை வற்புறுத்திக் கடலுக்கு அழைக்காமல், தோட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மரநிழல் எல்லா மனநோய்க்கும் மருந்தாகாது. இரண்டு வாரங்களுக்கு மேல் பிள்ளை சோர்ந்து, உணவும் உறக்கமும் குறைந்து, எதிலும் விருப்பமின்றி இருந்தால் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம். நோய்க்கு மருந்து செய்யுமாறு சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்களே. மனநோய்க்கு மருந்து செய்வதில் வெட்கம் எதற்கு?

சகோதரிகளே! பரீட்சைப் பெறுபேறு ஒரு தாளில் வரும். அதைப் பார்த்து மகிழ நம் பிள்ளைக்கு மனம் நலமாக இருக்க வேண்டும். இன்று அஸர் தொழுததும் மகளைக் கூப்பிடுங்கள். "வா மகள், கொஞ்சம் வெளியில் இருப்போம்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

நமது சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாகவும், அவர்களது உள்ளங்களை அமைதி பெற்றவையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.