அரை, கால், அரைக்கால், வீசம்

பத்தாம் வகுப்புக் கணக்கில் பெருக்குத் தொடர்வரிசை என்று ஒரு பாடம் உண்டு. முதல் உறுப்பு, பொது விகிதம், அப்புறம் ஒரு சூத்திரம். பிள்ளைகள் சூத்திரத்தை ஒப்பித்துவிடுகிறார்கள். குறைந்துகொண்டே போகிற வரிசை வந்தால்தான் கை நின்றுவிடுகிறது. பல வருஷம் சாக்பீஸ் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாம் அதைத் தொடங்குகிற இடம் சரியில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இது பழகின சங்கதி. ரூபாய்க்கு 16 அணா. பாதி எட்டணா, கால் நாலணா, அரைக்கால் இரண்டணா, வீசம் ஓரணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகும் நாலணா, எட்டணா என்ற பேச்சு நம்மை விட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. பொது விகிதம் அரை, அவ்வளவுதான். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்கள் இன்னும் கீழே இறங்கினார்கள். நாலுமா என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அதில் பாதி இருமா; அப்புறம் மா, அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி. ஆறு தடவை பாதியாக்கினால் 320-இல் ஒரு பங்கு. ஐந்தில் ஒன்றை, அரையின் ஆறாம் அடுக்கால் பெருக்கியிருக்கிறார்கள். அடுக்கு என்ற பேச்சே இல்லாமல்!

முந்திரியைத் திரும்பக் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு இன்று எதை வாங்க? ஆனால் படகு இன்ஜின் இருக்கிறதே.

எங்கள் சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு குடும்பம் பழைய இன்ஜினை விற்றது. வாங்கும்போது 80,000 ரூபாய், ஓடியது நாலு வருஷம். வாங்க வந்தவர், "வருஷத்துக்கு 20 சதம் தேய்மானம், நாலு வருஷத்துக்கு 80 சதம் போச்சு, மிச்சம் 16,000" என்றார். பேரம் படிந்துவிட்டது. அந்த வீட்டுப் பையன் கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறவன், பக்கத்திலேயே நின்றான். இது தான் படித்த பாடம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

20 சதம் குறைவது புது விலையில் அல்ல, முந்தின வருஷ விலையில். 64,000, 51,200, 40,960, 32,768. அவர் சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 80,000-ஐ, 0.8-இன் அடுக்கில் வருஷ எண்ணிக்கையை வைத்துப் பெருக்க வேண்டும். பிள்ளைகள் 20 சதத்தைப் பார்த்ததும் 0.2 என்று எழுதுகிறார்கள். போனது 0.2, நின்றது 0.8; பெருக்க வேண்டியது நின்றதை. பாடப்புத்தகத்தில் அடுக்கில் ஒன்று குறைத்து எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. அங்கே எண்ணிக்கை முதல் உறுப்பிலிருந்து, ஒன்றில் ஆரம்பிக்கிறது. இன்ஜினுக்கு வாங்கிய நாள்தான் பூஜ்யம், அதனால் குறைக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் கொடுத்தால் குழம்பத்தான் செய்வான்.

தொடர்வரிசை வருஷம் வருஷமாகத் தாவும். அதையே அடுக்குக்குறிச் சார்பாக எழுதினால் இடையிலும் நிற்கலாம்: ஒன்றரை வருஷத்தில் சுமார் 57,240. ஏரிக்கரைக் கிளிஞ்சலுக்கு வயது சொல்வதும் இதே வழியில்தான்; அதிலுள்ள கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. இன்ஜினுக்கு 0.8, அதற்கு அரை.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்று இப்போதைய ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் இதற்கு ஒரு பீரியட் போதும். சூத்திரத்தைப் பலகையில் எழுதுவதற்கு முந்தின பீரியட்.