ஃபலஸ்தீன் யாருக்கு உரியது?

முன்னோர் ஆண்ட மண் என்பதால் ஃபலஸ்தீன் தமக்கே உரியது என்கின்றனர் சியோனிசவாதிகள். பழைய ஆட்சியே உரிமைப் பத்திரமாகுமெனில், புதுச்சேரியில் இன்றும் பிரெஞ்சுக் கொடியன்றோ பறக்க வேண்டும்? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தினராகிய நாம் அண்டையில் கண்ட வரலாறு வேறு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். மண்ணில் வாழ்வோரின் விருப்பமே இறையாண்மைக்கு அடிப்படை.

ஃபலஸ்தீன் மக்களிடம் எவரும் அவ்வாறு கேட்கவில்லை. 1917இல் பிரிட்டன், தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவளிப்பதாக அறிவித்தது. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை, மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்கினரான யூதர்களுக்குப் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தை ஒதுக்கப் பரிந்துரைத்தது. அதை எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

அங்கே பிறந்து வாழும் யூதர்களுக்கும் உரிமையுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. பகைமைக்காக நீதி தவறலாகாது என்பது குர்ஆன் நமக்கிட்ட கட்டளை. ஆனால், 1967 போரில் கைப்பற்றிய நிலத்தில் இஸ்ரேல் நீடிப்பது சட்டவிரோதம் என 2024 ஜூலை 19 அன்று பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரைத்தது. ஓராண்டுக்குள் வெளியேறக் கோரிய ஐ.நா. தீர்மானத்தில், அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது.

1947இல் இருந்த துணிவு எங்கே போயிற்று? ஜும்ஆ துஆவோடு நில்லாமல், நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இதைக் கேட்போம்.